மீனுக்குக் கேட்ட வண்டி

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்ட வேனுக்குள் லாவெண்டர் வாசனை அடித்தது. இருக்கைகளுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் வெல்வெட் உறை. ஜன்னல்களில் குஞ்சம் வைத்த திரை. ஈப்போவில் எங்கள் வீட்டு ஹாலில் ஓடும் ஏசியைவிட இங்கே ஏசி நன்றாக ஓடியது. வேனின் பக்கவாட்டில் எங்கள் அறக்கட்டளையின் பெயரும், அதற்குக் கீழே 'மீன் விற்கும் மகளிர் நலனுக்காக' என்ற வரியும் பெரிய எழுத்தில் இருந்தன. படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வேனை வாங்கிக் கொடுத்த குழுவுக்கு நான்தான் செயலாளர்.

நான் மலேசியாவில், ஈப்போவில், தமிழ்ப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கத் தெரியாத ஐந்து பேர் சேர்ந்து, பெண்களுக்கு உதவுவதற்காக ஓர் அறக்கட்டளை நடத்துகிறோம். தலைவர் ஒரு பல் மருத்துவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் கிளையைக் கோமதி மேடம் பார்த்துக்கொள்கிறார். பெண்கள் கல்லூரி ஒன்றில் முதல்வராக இருந்தவர். வேன் கொடுத்து ஒரு வருடம் ஆகிவிட்டது, ஒருமுறை நேரில் பார்த்து அறிக்கை எழுதி வா என்று குழு என்னை அனுப்பியிருந்தது.

ஓட்டுநர் ஜஸ்டினுக்கு ஐம்பது வயது இருக்கும். துபாயில் பத்து வருடம் வண்டி ஓட்டியவர். "டீச்சர், செருப்பக் களத்தி இந்தக் கவருல போட்டுருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். போட்டேன். வழியில் ஒரு கடையில் ரசவடை வாங்கினேன். ரசத்தில் ஊறிய பருப்புவடையை ஒரு கிண்ணத்தில் தருகிறார்கள். வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஏறப்போனால், "உள்ள வேண்டாம் டீச்சர், சீட்டுல பட்டுரும்" என்றார். தார் ரோட்டின் ஓரத்தில் வெறுங்காலோடு நின்று ரசவடை தின்றேன். கால் பொசுங்கியது. இருந்தாலும் என்ன ஒழுங்கு, என்ன பராமரிப்பு என்று மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சலை இப்போது நினைத்தால் எனக்கே என்னைக் குட்ட வேண்டும்போல் இருக்கிறது.

ஹாரன் சத்தம் மட்டும் காதைத் துளைத்தது. ஈப்போவில் ஹாரன் அடித்தால் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம். இங்கே ஹாரன் அடிக்காதவனைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

கோமதி மேடத்தின் வீடு பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே. வாழையிலையில் தீயல், ஓலன், எரிசேரி என்று வரிசையாக வந்தது. தீயலில் வறுத்த தேங்காயின் மணம். இரண்டாவது முறையும் சோறு வாங்கினேன். கடைசியில் பாயசம் வந்தது. "கொஞ்சம் பிரதமன் விட்டுக்கிடுங்க. பயணக் களைப்புக்கு நல்லதும்லா" என்றார் மேடம். அந்த 'லா'வைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். மலேசியாவில் நாங்கள் எதற்கெடுத்தாலும் 'லா' போடுவோம். அது எங்கள் சொந்தச் சொத்து என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மாலையில் ஒரு மண்டபத்தில் எனக்கு வரவேற்பு. மேடையில் ஏழு பேர். ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொள்ளவே முக்கால் மணி நேரம் ஆனது. 'மகளிரின் கண்ணீர் துடைத்த கரங்கள்' என்று என்னைப் பற்றி ஒருவர் பேசினார். கீழே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். எல்லோர் கழுத்திலும் கனத்த செயின், மடியில் கைப்பை. மீன் விற்பவர்களாகத் தெரியவில்லை.

"மீன் விற்கும் பெண்கள் யாரும் வரவில்லையா?" என்று மேடத்தின் வலது கையாக இருக்கும் தாணுமாலயன் சாரிடம் கேட்டேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"அவங்களுக்கு அதிகாலையிலே கடற்கரைக்குப் போகணும்லா மேடம். சாயந்திரம் படுத்திருவாங்க. இவங்கெல்லாம் நம்ம மேடத்துக்க பழைய மாணவிகள்" என்றார்.

என் காது அப்போதே லேசாகச் சிவக்க ஆரம்பித்தது. கோபம் வந்தால் எனக்கு முதலில் காதுதான் சிவக்கும். பள்ளியில் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காதைப் பார்த்துவிட்டு நடந்துகொள்வார்கள்.

இரண்டாம் நாள் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். "முதல்ல பத்மநாபபுரம் அரண்மனையப் பாத்திருங்க, ராஜாவுக்க கட்டில் மூலிகை மரத்துல செஞ்சது" என்று தாணுமாலயன் சார் என்னை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார். மீன்காரப் பெண்களைப் பார்க்க வந்தவளை மகாராஜாவின் கட்டிலைப் பார்க்க அனுப்பினால் என்ன சொல்வது? முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

காலை எட்டு மணி இருக்கும். எங்களுக்கு முன்னால் போன பஸ் ஒன்று நிறுத்தத்தில் நின்றது. படியில் ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது சொல்லலாம். அவர் தூக்கி வைத்த மீன் பாத்திரத்தை, அந்த அலுமினியச் சருவத்தை, கண்டக்டர் ஒற்றைக் காலால் மெல்ல நெட்டி வெளியே தள்ளினார். "நீங்க ஏறுங்க, இது ஏறாண்டாம். நாத்தம்னு எல்லாரும் சண்ட போடுகாவ" என்று அவர் சொன்னது எங்கள் வேன் வரைக்கும் கேட்டது. பெண் இறங்கினார். பஸ் போய்விட்டது. சருவத்திலிருந்து சாளை மீன் நாலைந்து ரோட்டில் விழுந்து கிடந்தது. அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தார். குனியும்போது ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டியை நிறுத்துங்கள்" என்றேன்.

ஜஸ்டின் நிறுத்தினார். நான் செருப்பைத் தேடாமல் இறங்கி ஓடினேன். "அம்மா, வாங்க. இது உங்களுக்காக வாங்கிய வண்டிதான். ஏறுங்க."

அவர் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜஸ்டினைப் பார்த்தார். "வேண்டாம்மா. இவருக்க ஜோலி போயிரும்."

ஜஸ்டின் தலையைக் குனிந்துகொண்டார். "மீன் ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு டீச்சர். ஒரு வருசமா இதுல ஒரு செதிலு விழுந்ததில்ல."

என் காதில் தீயே பிடித்துவிட்டது. மீன்காரப் பெண்களுக்கென்று வாங்கிய வண்டியில் மீன் ஏறக் கூடாதாம். ஆனால் நான் ஏறலாம், மண்டபத்துச் சால்வைகள் ஏறலாம். நடுரோட்டில் நின்று ஜஸ்டினைப் பார்த்துக் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்?

அந்தப் பெண்ணின் பெயர் மெற்றில்டா. கடற்கரை ஊர்க்காரர். கணவர் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கடலிலிருந்து தள்ளி ஒரு சந்தையில் மீன் விற்கிறார். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, தலைச்சுமை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பஸ்ஸில் சருவத்தை ஏற்ற விடுவதில்லை.

"சந்தையில எனக்கொரு இடம் உண்டு டீச்சர். மூணு நாளு சேர்ந்தாப்ல வரல்லன்னா இடம் அடுத்த ஆளுக்கு. அதுதான் சந்தைக்க முறை. நேத்து கழுத்து திரும்பல்ல, போவல்ல. இண்ணைக்கு இப்படி. நாளைக்கும் போவல்லன்னா களிஞ்சுது. ஒரு ஐஸ்பெட்டிக்காரரு எனக்க பக்கத்துலயே நிக்காரு, எப்ப விளும்னு பாத்துக்கிட்டு." சொல்லிவிட்டுத் தலைக்குச் சும்மாடு கட்டி, நான் தடுப்பதற்குள் சருவத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்.

அரண்மனையை நான் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

கோமதி மேடத்தின் வீட்டில் அவரும் தாணுமாலயன் சாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. "ஒரு வருடமாக இந்த வண்டி எங்கெங்கே போனது?" என்று கேட்டேன். தாணுமாலயன் சார் நெளிந்தார். விருந்தாளிகளை அழைத்துவர, இரண்டு கல்யாணத்துக்கு, ஒருமுறை திருச்செந்தூருக்கு.

"சும்மா நின்னா பேட்டரி எறங்கிரும்லா மேடம்" என்றார்.

அப்புறம் நான் பேசியதையெல்லாம் எழுத முடியாது. உங்கள் வீட்டில் மீன் சமைக்க மாட்டீர்கள் என்பதற்காக அந்தப் பெண்கள் நாறுகிறார்களா என்று கேட்டேன். ஏழைப் பெண்ணின் கழுத்து முறிந்தாலும் உங்களுக்கு வெல்வெட் கசங்கக் கூடாது என்று கத்தினேன். அந்தக் காலத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரைக்கும் கேட்கும் என் குரல். கோமதி மேடம் எழுந்து போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து வைத்தார்.

முதலில் இருந்தது, கடற்கரைப் பெண்கள் பதினோரு பேர் எங்களுக்கு எழுதிய கடிதத்தின் நகல். அதில் இப்படி இருந்தது: 'எங்களுக்குப் பின்பக்கம் திறந்த ஒரு சின்ன வண்டி வேண்டும். மீன் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை இருந்தால் நல்லது. நாங்கள் பஸ்ஸில் வந்துகொள்வோம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, இலவசம். மீனைத்தான் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள்.'

கடிதத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருந்தது. திருத்தியவள் நான்.

அடுத்தது எங்கள் பதில். அதுவும் என் கையெழுத்து. 'பெண்களைச் சரக்கு வண்டியில் அனுப்புவது அவர்களுடைய கண்ணியத்துக்கு இழுக்கு என்று குழு கருதுகிறது. ஆகவே ஏசி வசதியும் மெத்தை இருக்கைகளும் உள்ள வேன் வழங்கப்படுகிறது. வேனைத் தூய்மையாகப் பராமரித்து மாதம் ஒருமுறை உட்புறப் படம் அனுப்ப வேண்டும்.'

அந்தக் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். சரக்கு வண்டி வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் வந்த படங்களை ஈப்போவில் காட்டாத ஆள் பாக்கியில்லை. பாருங்கள், எவ்வளவு பளிச்சென்று வைத்திருக்கிறார்கள் என்று. ஒரு படத்திலாவது ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளா, ஒரு மீன் இருக்கிறதா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் எங்களை ஏற்றிப் போங்கள் என்று கேட்கவே இல்லை. மீனுக்குத்தான் வண்டி கேட்டார்கள்.

"ரெண்டு தடவ தலைவருக்கு எழுதினேன் மேடம், சீட்டக் களத்தலாமான்னு" என்றார் கோமதி மேடம். "ரெண்டுக்கும் பதில் வரல்ல. குடுத்தவங்க பேச்சத் தட்டக் கூடாதேன்னு நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

விட்டிருக்கக் கூடாதுதான். ஒரு கல்லூரியையே கட்டி மேய்த்தவர், ஈப்போவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பல் மருத்துவருக்குப் பயந்து வருடம் முழுக்க வண்டியைக் கழுவித் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தேன்.

"இன்றைக்கே சீட்டைக் கழற்ற வேண்டும்" என்றேன்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார் தாணுமாலயன் சார்.

"கேட்டால் பதில் சொல்லுங்கள். எழுத வேண்டியதை எழுதி, வாங்க வேண்டியதை வாங்குங்கள். திருச்செந்தூர் போக நேரம் இருந்ததல்லவா?"

மதியமே ஒர்க்ஷாப்புக்குப் போனோம். முன்வரிசையை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த எல்லா இருக்கைகளையும் கழற்றினார்கள். ஜஸ்டின் தானும் ஒரு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார். "ஒரு வருசமா இந்த வெல்வெட்டுக்கு ஷாம்பு போடுததுதான் டீச்சர் எனக்க ஜோலி" என்று சொல்லிக்கொண்டே போல்ட்டைத் திருகினார். அடியில் தகரம் விரித்து, வடிவதற்கு ஓட்டை போட்டார்கள். குஞ்சம் வைத்த திரையை நானே பிடித்து இழுத்தேன். அது மட்டும் சுலபமாக வந்துவிட்டது.

மூன்றாம் நாள் விடியும்போது கடற்கரையில் இருந்தோம். கோமதி மேடமும் வந்திருந்தார். புடவைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோய், பிறகு என்னைப் பார்த்துவிட்டு இறக்கினார். வள்ளங்கள் வந்து ஏலம் தொடங்கியிருந்தது. ஏலக்காரரின் வேகத்துக்கு எனக்குத் தமிழே மறந்துபோயிற்று. மெற்றில்டா எனக்குக் கட்டன் சாயாவும், அவித்த மரச்சீனிக் கிழங்கும், மேலே மீன் குழம்பும் ஒரு தட்டில் தந்தார். புளியும் காரமும் உச்சந்தலைக்கு ஏறியது. முதல் நாள் விருந்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதற்கு மூன்றாவது முறையும் கிழங்கு கேட்டு வாங்கினேன்.

வேனைச் சுற்றிப் பெண்கள் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "ஏட்டி, ஓட்ட போட்டிருக்காவ பாத்தியா?" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது கேட்டது. வேறு பாராட்டு எதுவும் இல்லை. ஏழு சருவங்கள் ஏறின.

"நீங்க மீனக் கொண்டு போங்க டீச்சர்" என்றார் மெற்றில்டா. "ரெண்டாவது வள்ளம் இப்பத்தான் வருது. ஏலத்த விட்டுட்டு ஒருத்தரும் வர முடியாது. முடிஞ்ச ஒடனே நாங்க பஸ்ஸில வந்திருவோம். எனக்க இடத்துல சருவத்த எறக்கி வச்சாப் போரும். வேப்ப மரத்துக்க மூட்டுல."

சந்தையில் ஜஸ்டின் சருவங்களை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த சுமைக்காகத் திரும்பிப் போனார். வேப்ப மரத்தடியில் மெற்றில்டாவின் இடத்தில் ஏற்கெனவே ஓர் ஐஸ்பெட்டி பாதி ஏறி உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குப் பின்னால் ஒரு மனிதர், கைலியும் கையில் தராசும்.

"இது மெற்றில்டா இடம்" என்றேன்.

"மெற்றில்டா எங்க?"

"வருகிறார்."

"வரட்டும். மூணு நாளாச்சு."

"இன்றைக்கு மீன் வந்துவிட்டது. எப்படி மூன்று நாள் ஆகும்?" என்று சொல்லிவிட்டு, சருவத்துக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மீன் தண்ணீர் புடவையில் ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓர் அம்மாள் வந்து, "சாளை என்ன வெல?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "கொஞ்சம் இருங்கள், ஆள் வருகிறார்" என்றேன். அவர் ஐஸ்பெட்டிப் பக்கம் போய்விட்டார். இன்னொருவர் வந்தார், அவரும் போய்விட்டார். முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள், ஒரு கிலோ சாளையை விற்கத் தெரியாமல் விழித்தேன். ஐஸ்பெட்டிக்காரர் பெட்டியைக் காலால் ஒரு சாண் என் பக்கம் நகர்த்தினார். நான் சருவத்தை ஒரு சாண் அவர் பக்கம் நகர்த்தினேன். என் காதின் நிறத்தை அவர் கவனித்திருக்க வேண்டும். அதற்கு மேல் நகர்த்தவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து பஸ் வந்தது. மெற்றில்டா கையை வீசிக்கொண்டு இறங்கி வந்தார். தலையில் ஒன்றும் இல்லை. தலையில் ஒன்றும் இல்லாமல் அவர் நடக்கும்போதுதான் அவர் எவ்வளவு உயரமான பெண் என்பது தெரிந்தது. அவர் நேராக வந்து சருவத்துக்குப் பின்னால் நின்றார். ஐஸ்பெட்டிக்காரரே எழுந்து பெட்டியைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டார்.

நான் எழுந்து இடத்தை விட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கடிதத்துக்கு நான்தான் பதில் எழுதினேன், சரக்கு வண்டி வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மெற்றில்டா மீனைப் பரப்பிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே எதாவது செய்யணும்னா, கேட்டதத் தாருங்க டீச்சர். நல்லது எதுன்னு நாங்க பாத்துக்கிடுவோம்."

பிறகு வந்த ஆளிடம் சாளை விலையைச் சொல்லப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வியாபார நேரம்.

நான் திரும்பும் நாளன்று விமான நிலையத்துக்கு வேன் வரவில்லை. மீன் ஏற்றப் போயிருந்தது. பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்துவிட்டு வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார். துவைத்தும் வாசனை போகவில்லை போலிருக்கிறது. கால் நீட்ட இடம் கிடைத்தது.

ஈப்போவுக்கு வந்த மூன்றாம் வாரம், கோமதி மேடம் வழக்கம்போல மாதாந்திரப் படத்தைத் தலைவருக்கு அனுப்பியிருக்கிறார். தகரத்தில் செதில்கள் ஒட்டியிருக்கின்றன, ஒரு மூலையில் ஒரு சும்மாடு கிடக்கிறது. தலைவர் எனக்கு உடனே செய்தி போட்டார்: 'வேன் ஏன் இப்படி நாசமாகியிருக்கிறது? இருக்கைகள் எங்கே? அடுத்த கூட்டத்தில் விளக்கம் தேவை.'

கூட்டம் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வாரம் மூன்று நாள் மீன் லாரி வரும். மறுநாள் காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. தட்டை எடுத்துக்கொண்டு போனேன். தலைவரின் வீடும் எங்கள் தெருவில்தான். அவருடைய மனைவி எனக்கு முன்னாலேயே வந்து, கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக இந்த லாரியில்தான் நானும் மீன் வாங்குகிறேன். பின்பக்கம் திறந்த சின்ன லாரி. மெத்தை இல்லை, ஏசி இல்லை. அடியில் ஒரு ஓட்டை வழியாகத் தண்ணீர் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் குனிந்து அந்த ஓட்டையைப் படம் எடுத்தேன். ஓரத்தில் தலைவர் மனைவியின் செருப்பும் விழுந்துவிட்டது. அப்படியே தலைவருக்கு அனுப்பி, கீழே 'விளக்கம்' என்று எழுதினேன்.